கதவின் அடியில் தொடங்கும் துரு: பழைய பத்மினியின் தகடுகளை வீட்டிலேயே சீர்செய்தல்

பழைய காரின் கதவடியில் பெயிண்ட் கொப்பளித்திருப்பதைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் அந்த இடத்தைச் சுரண்டி, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசி மழை ஓய்வதற்குள் அதே இடத்தில் அதே கொப்புளம், முன்னைவிடச் சற்றுப் பெரிதாகக் கிளம்பிவிடுகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் வேளையில் துரு தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும். தகட்டின் உள்முகத்தில் ஆண்டுக்கணக்கில் ஊறி, இரும்பைத் தின்று, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, கடைசியில்தான் அது வெளிப்பெயிண்டைத் தூக்குகிறது. ஆகவே வெளிமுகத்தில் செய்யும் எந்த வேலையும், உள்முகத்தைத் தொடாதவரை, ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. கீழே எழுதியிருப்பவை எல்லாம் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் கொண்டு எழுதியவை.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது பிரீமியர் பத்மினி. மும்பை குர்லா தொழிற்சாலையில் 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் வெளிவரத் தொடங்கி, 1970களில் பத்மினி என்று பெயர் மாறிய அதே வண்டி. என்னிடம் இருப்பது 1979ஆம் ஆண்டு வண்டி. என் கைக்கு வரும் முன்பு அது நெடுங்காலம் பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீடு ஒன்றின் வாசலில், கூரையில்லாமல் நின்றது. பத்மினிக்குத் தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாக நின்று எடையைத் தாங்குகின்றன. அம்பாசிடரும் இதே இனம். ஒரு காலத்தில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மட்டும் இதற்கு விலக்கு. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. இந்த வேறுபாடு வெறும் தகவலுக்காகச் சொல்லப்படவில்லை என்பது வெட்டும் வேலை தொடங்கும்போது தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது நோய் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. இதற்கு ஒரு சிறு காந்தம், ஒரு மெல்லிய துணி, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தால், நல்ல தகட்டில் அது கையை இழுக்கும். பட்டி தடித்திருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும். முற்றிலும் பட்டியாகவே இருக்கும் இடத்தில் கீழே விழும். பிறகு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இற்ற தகடு அட்டையைத் தட்டியதுபோல் மொத்தென்று ஒலிக்கும். மொத்தென்று ஒலித்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சற்று அழுத்திக் குத்திப் பார்க்கத் தயங்கக் கூடாது. குத்தினால் ஓட்டை விழுந்துவிடுமே என்று அஞ்சுவார்கள்; விழுகிற ஓட்டை ஏற்கெனவே அங்கே இருந்ததுதான்.

பத்மினியில் துரு விரும்பிக் குடியிருக்கும் இடங்கள் கதவுகளின் கீழ்மடிப்பு, ரன்னிங் போர்டின் முன் பின் முனைகள், சக்கர வளைவின் உதடு, முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு அப்பிக்கொள்ளும் பொந்து, பாட்டரி அமரும் தட்டு, டிக்கியின் தரை, கண்ணாடி ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் சட்டம் ஆகியவை. காலடி விரிப்பை நீக்கி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் தார்த்தாளையும் ஓரிடத்தில் பெயர்த்துப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும் தார்த்தாளுக்கு அடியில் தரை ஈரமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கதவின் உள் அட்டையைக் கழற்றி, கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு உள்ளே நுழைத்து ஒரு காணொளி எடுத்துவிட்டால், தலை நுழையாத இடங்களும் தெரிந்துவிடும்.

என் வண்டியின் முன் இடக்கதவில் காந்தம் ஒரு சாண் அகலத்துக்குப் பிடிக்கவே இல்லை. உளியால் தட்டியபோது பட்டி ஒரு விரல் தடிமனில் ஓடு ஓடாகக் கழன்று வந்தது. வெளியே கிரீம் நிறம், அதன் கீழ் ஒரு நீலம், அதன் கீழ் இன்னொரு கிரீம் என்று அடுக்கடுக்காக. அதற்கும் கீழே, நெய் டின்னை வெட்டி நிமிர்த்திய ஒரு துண்டு, நாலு அலுமினிய ரிவெட்டுகளால் இற்ற தகட்டின்மேல் வைத்து அடிக்கப்பட்டிருந்தது. டின்னின் மஞ்சள் அச்செழுத்து இன்னும் வாசிக்கும்படி இருந்தது. டின்னுக்கும் பழைய தகட்டுக்கும் இடையே, தேநீர்த் தூளைப் போல் ஈரத்துரு ஒரு கைப்பிடி தேறியது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒட்டும் இணைப்பு நடுவில் நீரைத் தேக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் ரிவெட்டே இற்றுப்போகும். செய்யக் கூடாத எல்லாவற்றுக்கும் அந்தக் கதவு ஒரு பாடம்.

எதை வீட்டில் செய்யலாம், எதை விடலாம்

துருவை மூன்று நிலையாகப் பிரித்துக்கொள்வது வேலையை எளிதாக்கும். பெயிண்ட் உரிந்து மேலே செம்மண் நிறம் படிந்திருப்பது முதல் நிலை; இதற்குச் சுத்தம் செய்வதும் பூச்சும் போதும். தகட்டில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தால் இரண்டாம் நிலை. குழியின் அடியில் துரு ஒளிந்திருக்கும் என்பதால் கம்பிப் பிரஷ்ஷால் மட்டும் அது போகாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசி, அது துருவைக் கருஞ்சாம்பல் நிற இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும்வரை பொறுத்து, டப்பாவில் சொல்லியபடி கழுவி, உடனே உலர்த்த வேண்டும். மூன்றாம் நிலை ஓட்டை, அல்லது ஸ்க்ரூடிரைவருக்கு வளைந்துகொடுக்கும் தகடு. இதற்கு வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மூன்றாம் நிலையிலும், கதவின் வெளித்தகடு, மட்கார்டின் ஓரம், டிக்கித் தரையின் சிறு பகுதி போன்றவை வீட்டில் கற்றுக்கொண்டே செய்யத்தக்கவை. ரன்னிங் போர்டு, ஜாக் வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களைச் சுற்றியுள்ள தகடு ஆகியவை அப்படியல்ல. முன்பு சொன்ன கூட்டில் இவைதாம் எடையைத் தாங்கும் எலும்புகள். ரன்னிங் போர்டை முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் வண்டியின் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். வெல்டிங் முடிந்த பிறகுதான் கதவு அடைபடவில்லை என்பது தெரியவரும், அப்போது திருத்த வழியிருக்காது. வண்டியின் தகட்டு வேலை செய்யும் அனுபவமுள்ள டிங்கர்கள் கதவுவாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, இடைவெளிகளை அளந்து எழுதிவைத்த பிறகே வெட்டுவார்கள். முதல் வண்டியில் இந்த வேலையை அப்படிப்பட்ட ஒருவரிடம் விட்டு, அருகில் நின்று பார்ப்பதே என் பரிந்துரை.

மட்கார்டு முழுவதுமே சல்லடையாகியிருந்தால் ஒட்டுப்போடுவதைவிட வேறொன்றைத் தேடுவது நல்லது. சென்னையில் புதுப்பேட்டையில் பொறுமையாக அலைந்தால் கழித்த வண்டியின் மட்கார்டோ கதவோ கிடைக்க வாய்ப்புண்டு. அங்கும் காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பளபளக்கும் பழைய கதவுக்குள் பாதி பட்டியாக இருப்பது புதிதன்று.

இன்னொன்று. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு விதிகள் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் கூடாது என்பது அவற்றின் நிபந்தனை. பிற்காலத்தில் அந்தப் பதிவை நாடும் எண்ணமிருந்தால், அசல் வளைவுகளை மாற்றாமல் வேலை செய்வதும், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படங்கள் எடுத்துவைப்பதும் உதவும்.

இடமும் பாதுகாப்பும்

வீட்டு வேலையில் விபத்து நேர்வது பெரும்பாலும் நெருப்பால். வண்டியில் இருக்கும் பகுதியில் வெல்டிங் செய்வதானால் பாட்டரியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். பின்பகுதி வேலையென்றால் பெட்ரோல் டாங்கையும் குழாயையும் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். காலி டாங்க் நிரம்பிய டாங்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதற்குள் இருப்பது ஆவி. தார்த்தாள், இருக்கைப் பஞ்சு, வயர் சுற்று எல்லாம் தகட்டின் மறுபக்கத்தில் இருந்தபடியே பற்றிக்கொள்ளும் என்பதால் வெல்டிங் செய்யும் இடத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது. தீயணைப்பான் ஒன்றும், வாளி நிறையத் தண்ணீரும், வேலை முடிந்து அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கும்போது தூசி தடுக்கும் நல்ல முகமூடி கட்டாயம், கைக்குட்டை போதாது. பிரேக் சுத்தம் செய்யும் சில ஸ்ப்ரேக்களில் குளோரின் சேர்மங்கள் உண்டு. அவற்றால் துடைத்த தகட்டில் வெல்டிங் செய்தால் நச்சுவாயு உண்டாகும். எனவே தகட்டைத் துடைக்க அவற்றை எடுக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் வெல்டிங் செய்தாலும் புகை குளிர்க்காய்ச்சல் போல் ஆளைப் படுக்கவைக்கும். கிரைண்டர் ஓடும்போது காரின் கண்ணாடிகளை நனைத்த சாக்கால் மூடிவைக்க வேண்டும். பறக்கும் பொறிகள் கண்ணாடியில் உருகிப் பதிந்து, பிறகு எந்த எண்ணெய்க்கும் போகாத பழுப்புப் புள்ளிகளாக நின்றுவிடும். என் பின்கண்ணாடியின் ஓரத்தில் அவை இன்றும் இருக்கின்றன.

கதவைக் கையில் எடுத்தல்

முதல் வேலையாகக் கதவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சௌகரியம், அதைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்விடலாம். பெட்ரோலும் வயரும் பக்கத்தில் இல்லை, மேசைமேல் படுக்கவைத்துக் குனியாமல் வேலை செய்யலாம். கழற்றுவதற்கு முன்தினமே திருகுகளில் துருத்தளர்த்தும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நாலைந்து இடங்களில் அளந்து, முகமூடி டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டிவைத்தால் மறுபடி மாட்டும்போது அரைநாள் மிச்சம். கண்ணாடி, பூட்டு, கண்ணாடி ஏற்றும் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

கதவு உண்மையில் இரண்டு தகடுகள். உள்ளே ஒரு சட்டத்தகடு. வெளித்தகட்டின் ஓரம் அதன்மேல் பூரி மடிப்பதுபோல் மடிந்து, நெருக்கித் தட்டப்பட்டிருக்கும். கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்ததே. அது அடியில் உள்ள வடிதுளைகளின் வழியே வெளியேறிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. புழுதியும் வேப்பம்பூவும் சேர்ந்து துளையை அடைத்துவிட்டால் நீர் மடிப்புக்குள் ஊறிக் கிடக்கும். கடற்காற்றின் உப்பும் அதில் கரைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெட்டும் கோட்டை வரையும் முன்பு பெயிண்டையும் பட்டியையும் வெறும் உலோகம் தெரியும்வரை நீக்க வேண்டும். பிறகு துரு முடியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நல்ல தகட்டுக்குள் தள்ளிக் கோடு போட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காமல் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். மூலைகளை வளைவாக வெட்டுவது நல்லது. கூர்மூலையில் வெப்பம் குவிந்து தகடு நெளியும். கோட்டுக்குள் அடங்கும் வடிவத்தை அட்டையில் எடுத்துக்கொள்ள, வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைவிடச் சிறந்த பொருளை நான் கண்டதில்லை. வளைத்தால் வளையும், மடித்தால் மடிப்பு நிற்கும்.

உள்தகடு, வெளித்தகடு இரண்டும் இற்றிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்துவிடக் கூடாது. முதலில் வெளித்தகட்டின் கீழ்ப்பகுதியை எடுத்து, உள்தகட்டை ஒட்டி, கதவை வண்டியில் மாட்டி அடைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வெளித்தகட்டுக்கு வர வேண்டும். உள்தகடு கோணினால் வெளித்தகடு அந்தக் கோணலை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

புதிய தகடாக 20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத்தகடு) வாங்கினால் சரியாக இருக்கும். அது சுமார் 0.9 மில்லிமீட்டர் கனம். கனம் கூடினால் நல்லது என்று 18 கேஜ் வாங்கினால், 1.2 மில்லிமீட்டர் தகட்டையும் அதைவிட மெலிந்த பழைய தகட்டையும் ஒரே வெப்பத்தில் இணைக்க முடியாமல் திணற நேரிடும். கடைக்குக் கழற்றிய பழைய துண்டில் நல்ல பகுதி ஒன்றை எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குவதே உறுதியான வழி. அட்டையைத் தகட்டின்மேல் வைத்து வரைந்து, மடிப்புக்கென ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். நேர்மடிப்புக்கு இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவே தகட்டை வைஸில் இறுக்கி, மரச்சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாகத் தட்டி இறக்க வேண்டும். ஒரே இடத்தில் முழுதும் மடக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் தகடு அலைபோலாகும். கதவின் மெல்லிய புறவளைவுக்கு ஒரு பழைய குழாயின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினாலே போதும்.

வெல்டிங்

சிறு டிங்கரிங் பட்டறைகளில் நெடுங்காலம் கேஸ் வெல்டிங்கே வழக்கம். தேர்ந்த கையில் அது அழகான வேலை. இணைப்பு மென்மையாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். ஆனால் வெப்பம் நெடுந்தூரம் பரவுவதால் கற்றுக்கொள்பவர் கையில் கதவு அப்பளமாகும். வீட்டுக்கு மிக் வெல்டிங் கருவியே பொருந்தும்; கம்பியைத் தானே ஊட்டிக்கொண்டு மின்பொறியால் உருக்கி இணைக்கும் கருவி அது. 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பிளக் ஆகியவை வேண்டும். வாயு இல்லாமல் ஓடும் கம்பியும் கிடைக்கிறது. மெல்லிய தகட்டில் அது சூடு அதிகம், தெறிப்பும் அதிகம் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. கழித்த தகட்டின் துண்டுகளில் இரண்டு மாலைப்பொழுதுகள் பழகிய பிறகே கதவைத் தொட வேண்டும்.

புதுத்தகட்டைப் பழையதன்மேல் ஏற்றிவைக்காமல், விளிம்போடு விளிம்பு சேர, நடுவே ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். நான்கு மூலைகளில் ஒவ்வொரு வெல்டிங் புள்ளி வைத்து, கதவை வண்டியில் மாட்டி, ஒட்டியிருந்த டேப் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் எதிரெதிர் இடங்களாக மாறி மாறி, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கையால் தொடும் சூட்டுக்கு ஆறிய பிறகே அதன் பக்கத்தில் அடுத்தது. பிறகு இடைப்பட்ட இடங்களை அதேபோல நிரப்பிக்கொண்டு வர வேண்டும். தொடர்ந்து ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. ஒரு சாண் நீளத்தை ஒரே மூச்சில் இழுத்தேன். கதவின் நடுப்பகுதி எண்ணெய் டின்னின் அடிபோல் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் டப்பென்று வெளியே வரும்படி ஆகிவிட்டது. அதைச் சுத்தியலாலும், தகட்டின் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக்கட்டையாலும் சரிப்படுத்த, வெல்டிங்குக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு நேரம் பிடித்தது.

வெல்டிங் முகடுகளைத் தேய்க்க, கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் அடுக்கு வட்டான ஃப்ளாப் டிஸ்க்கை மெல்லப் பட்டும் படாமல் ஓட்ட வேண்டும். தகடு நீலம் பாய்ந்தால் வெப்பம் மிஞ்சிவிட்டது என்று பொருள். முகட்டை மட்டும் தேய்க்காமல் பக்கத்துத் தகட்டையும் சேர்த்துத் தேய்த்து மெலிய வைப்பது அடிக்கடி நேரும் பிழை. கடைசியில் கதவுக்குள் ஒரு விளக்கை வைத்து இருட்டில் வெளியிலிருந்து பார்த்தால், விடுபட்ட ஊசித்துளைகள் நட்சத்திரமாய்த் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். பட்டி அடைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் பட்டி நீரை உறிஞ்சும் பொருள்.

வெல்டிங் வசதியே இல்லாதவர்கள், எடை தாங்காத வெளித்தகட்டுக்கு மட்டும், இரண்டு குழம்புகளைக் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசையைப் பயன்படுத்தலாம். பழைய தகட்டின் ஓரத்தைச் சற்று உள்வாங்கிப் படி அமைத்து, புதுத்தகட்டை அதில் அமர்த்தி ஒட்ட வேண்டும். தரைத்தகட்டிலும் ரன்னிங் போர்டிலும் இதை முயலவே கூடாது.

உள்முகம்

பலரும் சோர்ந்துவிடும் கட்டம் இதுதான். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். வெல்டிங் வெப்பத்தில் பின்பக்கத்துப் பெயிண்ட் எரிந்து, வெறும் இரும்பு காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். சென்னைக் காற்றில் அது ஓரிரவில் செம்பழுப்பாகிவிடும். அன்றைக்கே கதவுக்குள் கைவிட்டு எரிந்ததைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, ஈரம் புகாத அடிப்பூச்சான எபாக்சி பிரைமரைத் தூரிகையாலேயே பூசிவிட வேண்டும். அழகாக வர வேண்டியதில்லை, விடுபடாமல் வந்தால் போதும். மடிப்பை மூடும் முன்பே அதன் இரு உட்பக்கங்களிலும் பிரைமர் போட்டு, உள்ளே கசிவு தடுக்கும் சீலண்டை ஒரு கோடாக இழுத்து, அதன்மேல் மடித்துத் தட்ட வேண்டும். பிதுங்கி வருவதை விரலால் வழித்துவிடலாம். வடிதுளைகள் சீலண்டால் அடைபட்டிருக்கிறதா என்று அப்போதே ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வெளிப்பெயிண்ட் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, பொந்துகளுக்குள் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகை நீண்ட குழாய் முனையால் கதவுக்குள்ளும் ரன்னிங் போர்டுக்குள்ளும் அடிக்க வேண்டும். முன்பே அடித்தால் மெழுகு கசிந்து பெயிண்ட் பிடிக்காமல் செய்துவிடும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது ரப்பரைக் கெடுக்கும், புழுதியைச் சேர்த்து வடிதுளையை அடைக்கும், வெயிலில் வழிந்து வாசலைப் பாழாக்கும்.

பட்டியும் பெயிண்டும்

வெளிமுகத்தில் வெறும் இரும்பின்மேல் நேரே பட்டி பூசாமல், முதலில் எபாக்சி பிரைமர் போட்டுக் காயவைத்து, 80ஆம் எண் உப்புத்தாளால் அதைக் கீறிவிட்டு, அதன்மேல் பாலியஸ்டர் பட்டி பூசுவது நல்லது. பட்டி ஈரத்தை உறிஞ்சினாலும் அது இரும்பை எட்டாது. நூறு பங்கு பட்டிக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் இரண்டு பங்கு என்பது பொதுவான கணக்கு. கண்ணளவில் எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஊறிய கொண்டைக்கடலை அளவு. வெயில் நேரத்தில் நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் அதற்கு மேல் ஒரே தடவையில் கலக்கக் கூடாது. மொத்தக் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டியிருந்தால் தகட்டு வேலை முடியவில்லை என்று அர்த்தம். பட்டியை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுக்க வேண்டும்.

தேய்க்கும்போது தாளைக் கையில் பிடிக்காமல் ஒரு சாண் நீள மரக்கட்டையில் சுற்றிக் குறுக்கும் மறுக்குமாகத் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். 80, 180, 320 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாம். பட்டிமேல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது தூசியைக் குறைக்கும். ஆனால் அந்தத் தண்ணீரைப் பட்டி குடித்துவிட்டுப் பிற்பாடு கொப்புளமாகத் திருப்பித் தரும். பட்டியைக் காய்ந்தபடியே தேய்த்து, நுண்கீறல்களை நிரப்பும் அடிப்பூச்சான சர்ஃபேசர் போட்ட பிறகு, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை எடுப்பதே முறை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டிப் பார்த்தால், கண் ஏமாறும் மேடுபள்ளம் கைக்குத் தெரியும்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது தனிக்கலை, கைபழகிய பெயிண்டரிடம் கொடுப்பதில் வெட்கமும் இல்லை. ஹார்டனர் கலந்த பெயிண்டில் நுரையீரலுக்குக் கேடான ஐசோசயனேட் இருப்பதால் வீட்டு வாசலில் சாதாரண முகமூடியோடு அதை அடிக்கவே கூடாது. பழைய பாணி என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிப்பவர்கள் மழைமேகம் திரண்ட நாளைத் தவிர்க்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பெயிண்ட் வெளுத்துவிடும். இந்த வேலை முழுவதற்கும் சென்னையில் தை பிறந்த பிறகு பங்குனிவரை உள்ள நாட்கள் ஏற்றவை.

கதவை மாட்டும்போது கண்ணாடியின் வெளிப்புற ரப்பரைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். விறைத்துச் சுருங்கிய பழைய ரப்பர்தான் இத்தனைக்கும் வாசல் திறந்துவிட்டது. மெழுகு அடித்து இரண்டு நாள் கழித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதன் மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, குனிந்து கதவடியைப் பார்க்க வேண்டும். எத்தனை வடிதுளைகள் இருக்கின்றனவோ அத்தனையிலும் நீர் சொட்ட வேண்டும். ஒன்றில் சொட்டாவிட்டாலும் மெல்லிய கம்பியை எடுத்து அந்தத் துளையைக் குத்திவிட்டு, இன்னொரு சொம்பு ஊற்றிப் பார்க்க வேண்டும்.